புகைக்கொடி: கேள்வியும் காட்சியும்

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை, கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகளையும் காவிரியின் வடகரை வழியே நடத்திச் சென்று, திருவரங்கத்தை அடைவித்து, பின்னர் ஓடத்தில் தென்கரை ஏற்றி உறையூரிற் சேர்க்கின்றது. அக்காதையிலேயே காவிரியின் பொய்யா வளத்தைக் கூறுமிடத்து, சனிக்கோள் புகைந்தாலும், புகைக்கொடி தோன்றினாலும், வெள்ளி தென்றிசை சென்றாலும் அந்நதி வறளாது என்னும் கருத்தினை இளங்கோவடிகள் அமைத்துள்ளார். பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய கபிலரும் புறநானூற்று 117-ஆம் பாட்டில் இதே முறையைக் கையாண்டுள்ளார். புகைக்கொடி, தூமம், தூமகேது, வால்வெள்ளி, வால்மீன் என்று பல பெயர் பெறும் அப்பொருளைத் தமிழர் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விடங்களை எடுத்துக்காட்டுதல் அறிஞர் வழக்கம். அதில் பிழையில்லை. ஆயினும் இவ்விரண்டு இடங்களிலும் புகைக்கொடி தோன்றியதாகக் கூறப்படவில்லை; ‘தோன்றினாலும்’ என்றே கூறப்படுகின்றது. இன்ன திங்களில், இன்ன திசையில், இன்ன மீனுக்கு அருகில் கண்டோம் என்னும் செய்தி அங்கு இல்லை. இவை கேள்வியின்பாற்பட்டவை; காட்சியின்பாற்பட்டவை அல்ல. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, நம் நாட்டில் வால்மீனைக் கண்ணாற் கண்டு குறித்தோர் வரலாற்றை, சிறப்பாக அரசுப் பணியோ ஆய்வுக்கூடமோ இன்றித் தாமே வானை நோக்கிய ஆர்வலர் வரலாற்றை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சியைக் குறிக்கும் முறையைப் பண்டைத் தமிழர் அறியாதவரல்லர். புறநானூற்று 229-ஆம் பாட்டைக் காண்க. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்த காலை கூடலூர் கிழார் பாடிய பாட்டு அது. வீழ்மீன் ஒன்று விழுந்த திங்கள், இரவின் பொழுது, அப்பொழுது உச்சியிலும் எழுச்சியிலும் சாய்விலும் நின்ற நாண்மீன்கள் ஆகியவற்றைப் புலவர் நிரல்படக் கூறுகின்றார். அரசன் இறப்பான் என்னும் நிமித்த நம்பிக்கை அவருடையது. அதனை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் அவர் கண்டதைக் கண்டவாறு சொல்லியிருத்தலின், அவ்விரவின் வானத்தை இன்று நாம் மீண்டும் அமைத்துக் காண இயலும். நம்பிக்கை தவறாயினும் குறிப்பு சரியாக இருக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

வால்மீனுக்கு இத்தகைய குறிப்பு ஏன் அரிதாயிற்று? காரணம் நம் கணிதத்தின் சிறப்பிலேயே உள்ளது என்று கருதுகின்றோம். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சம்கிதையின் கேதுசாரப் பகுதியில், கேதுக்களின் தோற்றமும் மறைவும் கணிதத்தால் அறியவொண்ணாதவை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். தமிழ்நாட்டு வாக்கியக் கணிதமோ கணக்கிட இயல்வனவற்றில் பெருந்திறம் காட்டியது. திங்களின் நிலையை 248 வாக்கியங்களில் அடக்கி, அவற்றை மனப்பாடமாகவே கொண்டு பஞ்சாங்கம் கணிப்பர். இன்றும் திருவரங்கத்திலிருந்து வாக்கியப் பஞ்சாங்கம் வெளிவருதல் யாவரும் அறிந்ததே. 1825-இல் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் ஏடும் எழுத்தாணியும் இன்றிச் சோழிகளைத் தரையில் பரப்பி, அவ்வாண்டு மே 31-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்தது. இவ்வாறு கணித்தற்கு வானை நோக்கவேண்டுவதே இல்லை. நோக்காமலே அறியும் வல்லமை பெற்ற ஒரு மரபு, நோக்கினாலன்றி அறியவொண்ணாத ஒரு பொருளைப் புறத்தே நிறுத்திவிட்டதில் வியப்பில்லை. அக்கணியரை வியந்த வாரன், சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபொழுது 1807-ஆம் ஆண்டின் பெரிய வால்மீனைக் கண்டு அளந்து எழுதியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இரு மரபும் அவர் ஒருவரிடத்தே சந்தித்தன. ஆயினும் ஒன்றையொன்று தொடவில்லை.

தமிழகத்தில் தொலைநோக்கி கொண்டு வால்மீனை நோக்கிய செய்தி வாரனுக்கும் ஒரு நூற்றாண்டிற்கு மேல் முற்பட்டது. இயேசு சபைத் துறவியாகிய ரிஷோ, சயாம் நாட்டிலிருந்து வெளியேறிப் புதுச்சேரிக்கு வந்து, 1689 திசம்பரில் அங்குத் தோன்றிய வால்மீனைத் தொலைநோக்கியால் நோக்கினார். அந்நோக்கின்போது ஆல்பா செண்டாரி என்னும் தென்வான் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்பதைக் கண்டார். பாரிசு நகரின் வானில் அம்மீன் எழுவதே இல்லை. நம் வானில் தெற்கே தாழ்ந்து எழுகின்றது. வால்மீனைத் தேடியவர் வேறொன்றைக் கண்டது தற்செயல் எனலாம். ஆனால் அத்தற்செயலுக்கு இடமளித்தது நம் நாட்டின் அகலக்கோடு.

1872-இல் நிகழ்ந்தது இதனினும் பொருளுடையது. பீலா என்னும் வால்மீன் 1846-இல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் காணாமற் போயிற்று. 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் வீழ்மீன்கள் மழைபோற் பொழியவே, கெட்டிங்கன் நகரத்து அறிஞர் கிளிங்கர்ஃபூசு, பீலா பூமியைத் தொட்டது என்றும், தென்வானில் இன்ன மீனருகே தேடுக என்றும் சென்னையிலிருந்த போக்சனுக்குத் தந்தி விடுத்தார். மேகங்களுக்கிடையே திசம்பர் முதல் வாரத்தில் இரு நாள் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார். அது பீலா அன்று, வேறொன்று என்பது பின்னர்க் கணித்தோர் பெரும்பாலோர் முடிவு. போக்சன் நாளும் பொழுதும் இடமும் குறித்திருந்தமையாலன்றோ, அவர் தாம் கண்டதாகக் கருதியதைக் காணவில்லை என்று பிறர் துணிய முடிந்தது!

ரிஷோவும் வாரனும் போக்சனும் சபையாலோ அரசாலோ கருவி அளிக்கப்பெற்றவர். ஆர்வலர் நிலை வேறு. ஹாலி என்பார் கணித்துச் சொன்னபடி மீண்டு வந்த வால்மீனை 1758 திசம்பர் 25 அன்று முதலிற் கண்டவர், திரெசுடன் நகரை அடுத்து வாழ்ந்த பாலிச்சு என்னும் உழவர். பாரிசு நகரத்து வானூலார் தேடிக்கொண்டிருக்க, உழவர் கண்ணிற்கு அது புலனாயிற்று. (அதே நாட்களில் சென்னைக் கோட்டையை லாலியின் படை முற்றுகையிட்டுக் கிடந்தது. நம் நாட்டில் வானை நோக்க யாருக்கு ஓய்விருந்தது என்று கேட்கத் தோன்றுகின்றது.)

அவ்வால்மீன் 1910-இல் மீண்டும் வந்தது. தமிழிலக்கிய மாணாக்கர் நின்று நோக்கவேண்டிய இடம் இது. புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்னும் பாட்டை இயற்றினார். வால்மீனின் இயல்பை அயலார் சொல்லக் கேட்டே அறிந்தோம், நம் முன்னோர் நூல்களை மறந்து பல நூறு ஆண்டுகளாயின என்று அவர் அதில் வருந்துகின்றார். வால் மிக மெல்லிய வாயுவால் ஆயது, அது மண்ணைத் தீண்டினும் ஊறு செய்யாது, எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பனவெல்லாம் கேள்வியால் வந்தவை. அவரும் அவ்வாறே கூறுகின்றார். வால் நச்சுவாயு உடையது, உலகை அழிக்கும் என்னும் அச்சம் பல நாடுகளிற் பரவியிருந்த நாள் அது.

ஆயின் அப்பாட்டின் தொடக்கத்தில் கேள்வியால் வாராத ஒன்று உள்ளது. கீழ்த்திசையில், வெள்ளிக்கோளுக்கு அண்மையில், சிறு மீன் ஒன்றன்மீது நெடிய வால் பனைபோல் உயர்ந்து நிற்பதாகப் புலவர் காட்டுகின்றார். இதனை வானூலொடு பொருத்திக் காண்போம். சாதாரண ஆண்டு 1910 ஏப்பிரல் நடுவில் தொடங்கிற்று. வால்மீன் ஏப்பிரல் 20 அன்று ஞாயிற்றை மிக அணுகி, அதன்பின் விடியற்காலைக் கீழ்வானில் விளங்கிற்று. வெள்ளியும் அப்பொழுது விடிவெள்ளியாகவே இருந்தது. மே 18, 19 நாட்களில் வால்மீன் பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடையே கடந்து, பின்னர் மாலை மேல்வானிற் சென்றுவிட்டது. எனவே புலவர் காட்டும் காட்சி, ஏப்பிரல் இறுதிக்கும் மே 18-க்கும் இடைப்பட்ட ஒரு விடியலுக்கே உரியது. பின்னாளில் நினைந்து பாடினார் எனலாகாதோ என்பார்க்கு, வால் மண்ணைத் தீண்டுதலைப் புலவர் முடிந்த நிகழ்ச்சியாகக் கூறாது பிறர் கூற்றாகவே வைத்துள்ளமையை நோக்குக என்போம்.

பனை உவமையும் வெறும் அணியன்று. மேடத்தின் தொடக்கம் அடிவானில் எழும் பொழுது, ஞாயிற்று வீதி இலண்டனில் ஏறத்தாழ 15 பாகையே சாய்ந்து, தரையை ஒட்டிக் கிடக்கும். புதுச்சேரியிலோ ஏறத்தாழ 55 பாகை நிமிர்ந்து நிற்கும். வால்மீனின் வால் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமாக நீளுதலின், அது நம் வானில் ஓங்கி எழுந்து தோன்றும். புலவர் இங்கிருந்து கண்டே பாடினார் என்பதற்கு இவ்வுவமையும் சான்றாதல் கூடும். அயலார் நூலைப் படித்தார்க்கு அவ்வூர் வானமே தோன்றியிருக்கும். கேட்டே அறிந்தோம் என்று வருந்திய புலவர், தாம் கண்டே எழுதினார் என்பதைத் தாமே உணர்ந்திலர் போலும்.

கோடைக்கானலில் எவர்ஷெட் அவ்வாண்டு அதே வால்மீனை ஒளிப்படம் எடுத்தார். கல்கத்தாவில் இந்திய வானூற் கழகம் 1910-இலேயே தோன்றிற்று. ஜெசோர் ஊரில் கருவூலப் பணியாளராயிருந்த இராதா கோவிந்த சந்திரர், இருகண் நோக்கியாகிய பைனாகுலர் கொண்டு அதனை நோக்கி வங்கமொழியில் எழுதினார். பின்னர் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கி, மாறொளி மீன்களை இரவுதோறும் நோக்கி, 37,000-க்கு மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்கக் கழகத்திற்கு விடுத்தார். அக்கழகம் 1926-இல் அவருக்கு 6¼ அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பியது. அக்கருவி பிற்காலத்தில் வைணு பாப்புவின் கைக்குச் சென்று, சவ்வாது மலையிலுள்ள காவலூரை அடைந்தது. சென்னையிற் பிறந்து ஐதராபாத்தில் மாணவராயிருந்த காலத்திலேயே வானோக்கிப் பழகிய பாப்பு, 1949 சூலை 2 அன்று ஆர்வர்டில் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்மீனைக் கண்டார். அது பாப்பு–பாக்–நியூகர்க் எனப் பெயர் பெற்றது. மாணவர் குறிப்பேட்டிலிருந்து காவலூர் வரை அவர் சென்ற வழியில் கருவி மாறிற்று; குறிக்கும் பழக்கம் மாறவில்லை.

இனித் திருவரங்கத்திற்கு வருவோம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இத்தீவு ஏறத்தாழ 11 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. வடவானும் தென்வானின் பெரும்பகுதியும் இங்கிருந்து புலனாம். வீதிகளின் மாடிகளிலிருந்து நோக்குவார்க்கு 1987-இல் நிறைவுற்ற 236 அடி இராசகோபுரம் ஒரு பக்கத்து வானை மறைக்கும். கோபுர விளக்கொளியும் நகரொளியும் மெல்லிய வாலை விழுங்கும். ஆதலின் அடிவானை நாடுவோர் கொள்ளிடத்து மணலுக்கே செல்லுதல் நன்று. 7 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் ஆடியும் உடைய பைனாகுலர் ஒன்றே போதும். அரை மணி நேரம் இருளிற் கண்ணைப் பழக்கி, அண்டை விண்மீன்களின் உருவைக் குவியம் விலக்கி மங்கச் செய்து, அவற்றொடு வால்மீன் தலையின் ஒளியை ஒப்பிட்டு அளவிடுவர். தலையின் செறிவை 0 முதல் 9 வரை எண்ணாற் குறிப்பர். வாலின் நீளத்தைப் பாகையாற் குறிப்பர். நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழ 10 பாகை. நாள், மணி, இடம், கருவி, வானிலை ஆகியவற்றை உடனே எழுதுவர். மறுநாள் எழுதுவது நினைவாகும், குறிப்பாகாது.

இதனை நாம் இழப்பினால் அறிந்தோம். 1997-இல் ஹேல்–பாப் வால்மீன் மாலையில் வடமேல் வானில் தாழ்ந்து விளங்கியபொழுது, திருவரங்கத்து மாடியொன்றிலிருந்து அதனைக் கண்டோம். கண்டது பங்குனியிலா சித்திரையிலா என்று இன்று கேட்பின் நம்மிடம் விடையில்லை. வால் எத்துணை நீளம் என்பதற்கும் விடையில்லை. அழகாக இருந்தது என்பதே எஞ்சியது. கூடலூர் கிழார் நம்மினும் நன்கு குறித்தார். அவ்வால்மீனைக் கண்டுபிடித்த இருவருள் ஒருவராகிய தாமசு பாப், நண்பரின் தொலைநோக்கியில் 1995 சூலை 23 அன்று அதனைக் கண்ட ஆர்வலரே. அடுத்த ஆண்டு தோன்றிய யாகுதாகே வால்மீனை அப்பெயருடைய சப்பானிய ஆர்வலர் பெரிய பைனாகுலரால் கண்டார். 2024-இல் சூச்சின்சான்–அட்லசு தோன்றியபொழுது தேடலைப் பெரும்பாலும் தானியங்கிக் கருவிகளே மேற்கொண்டிருந்தன. எனினும் ஞாயிற்றுக்கு அண்மையில் விடியல் ஒளியில் நிற்கும் வால்மீனை அவை எளிதில் தொடர மாட்டா. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அது கீழ்வானில் நின்ற நாட்களில், வடநாட்டு ஐரோப்பியர்க்கு அரிதாகவும் நம் அகலக்கோட்டினர்க்கு எளிதாகவும் இருந்தது. பாரதியார் கண்ட அதே வானமைப்பின் பயன் அது. அக்டோபர் நடுவில் அது மேல்வானிற்குச் சென்றபொழுது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது.

காட்சிக் குறிப்புகளைத் தேடும் ஆய்வாளர்க்கு ஓரிடம் சுட்டுகின்றோம். ஹாலி வால்மீன் 1759 மார்ச்சு 13 அன்று ஞாயிற்றை அணுகிப் பின் ஏப்பிரல், மே திங்களில் தென்வானில் விளங்கிற்று. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை செல்கின்றது. அரசியலும் வாணிகமும் நாடி அதனைப் படித்தோர் பலர். நாள், கிழமை, நாழிகை பிசகாது எழுதிய அவ்வறிஞரின் ஏட்டில் அவ்விரு திங்களின் பக்கங்களை விடியற்கால வானத்தை மனத்திற் கொண்டு ஒருமுறை படித்தல் வேண்டும்.