ஆம்பிளிஃபயரை எழுப்பும் நீல ஒயர்

காரில் பொருத்தும் ஆம்பிளிஃபயருக்கு மூன்று மின் இணைப்புகள் வேண்டும். பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த பாசிட்டிவ் ஒயர் ஒன்று. காரின் இரும்பு உடலில் திருகி முடுக்கும் எர்த் ஒயர் இன்னொன்று. மூன்றாவது, ஸ்டீரியோவின் முதுகிலிருந்து புறப்பட்டு, தரைவிரிப்புக்கு அடியில் டிக்கி வரை போகும் மெல்லிய ஒயர். முதல் இரண்டும் சக்தியைச் சுமக்கின்றன. மூன்றாவது ஒரு சேதியைச் சொல்வதற்காக மட்டுமே இருக்கிறது: ஸ்டீரியோ எழுந்துவிட்டது, நீயும் எழுந்துகொள். ‘ரிமோட் ஒயர்’ என்று தொழிலில் சொல்லப்படும் இதன் நிறம் பெரும்பாலும் நீலம், அல்லது நீலத்தில் வெள்ளைக் கோடு. ஆம்பிளிஃபயருக்காகப் பிறந்த ஒயர் அன்று இது. வேறொரு வேலைக்காக வந்து, அந்த வேலை மறைந்த பிறகும் நிலைத்துவிட்டது.

கார் ரேடியோவின் தொடக்கக் காலத்திலேயே விசை ஓரிடத்திலும் கருவி வேறிடத்திலும்தான் இருந்தன. சிகாகோவின் கால்வின் நிறுவனம் 1930-இல் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் விற்ற ரேடியோ ஒரே பெட்டிக்குள் அடங்கவில்லை. ரேடியோப் பெட்டி, ஒலிபெருக்கி, வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் தனி பேட்டரிகள் என எல்லாவற்றையும் காரின் வெவ்வேறு மூலைகளில் செருகவேண்டியிருந்தது. ஓட்டுநரின் கைக்கு எட்டியது சிறு கட்டுப்பாட்டுத் தலை மட்டுமே. 1932-இல் ஜெர்மனியில் வந்த பிளாபுங்க்ட்டின் ‘ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5’ ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி. அதையும் ஸ்டியரிங் தண்டில் பொருத்திய கட்டுப்பாட்டின் மூலமே இயக்கினார்கள். பின்னர் தனி பேட்டரிகளின் இடத்தை ‘வைப்ரேட்டர்’ பிடித்தது. நடுங்கும் உலோகத் தகடு ஒன்று கார் பேட்டரியின் 6 வோல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்ப, அங்கிருந்து வால்வுகளுக்குத் தேவையான உயர் மின்னழுத்தம் கிடைத்தது. விசையைத் திருப்பினால் முதலில் காதில் விழுவது அந்தத் தகட்டின் ரீங்காரம்தான். வால்வுகள் சூடேறிய பிறகே பாட்டு வரும். இந்த ரேடியோக்களில் கருவி இழுக்கும் முழு மின்னோட்டமும் விசையின் வழியாகவே போயிற்று. விசைதான் வாசல், விசைதான் வாய்க்கால்.

1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாத முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவை 150 டாலர் விலையில் கொண்டுவந்தன. சூடேறக் காத்திருப்பதும் வைப்ரேட்டரின் ரீங்காரமும் அதோடு போயின. அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த 12 வோல்ட்டே அடுத்த தலைமுறைக்குத் தடையாக வந்து நின்றது.

எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். அதை அப்படியே பயன்படுத்தும் எளிய ஆம்பிளிஃபயர் சுற்று, 4 ஓம் ஒலிபெருக்கிக்குத் திரிபில்லாமல் ஏறத்தாழ 6 வாட்டுக்கு மேல் தர முடியாது. ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் பாலச் சுற்றில்கூட 26 வாட்டோடு எல்லை முடிந்துவிடும். அட்டையில் 50 வாட், 60 வாட் என்று எதை அச்சிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இதைத் தாண்ட ஒரு வழி, மின்னழுத்தத்தையே உயர்த்துவது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் 1973-இல் தொடங்கிய முயற்சிகளின் அடிப்படை இதுதான். ஆம்பிளிஃபயருக்குள்ளேயே ஒரு மாற்றி இருக்கும். அது 12 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, பிளஸ் 30, மைனஸ் 30 வோல்ட் போன்ற இரட்டை அழுத்தமாக மாற்றிக் கொடுக்கும். நடுங்கும் தகடு செய்த அதே வேலை. இப்போது டிரான்சிஸ்டர்கள் சத்தமில்லாமல் செய்தன.

இங்கேதான் விசையின் சிக்கல் எழுந்தது. பாட்டு உரக்க ஒலிக்கும்போது இப்படிப்பட்ட ஆம்பிளிஃபயர் 20, 30 ஆம்பியர் என இழுக்கும். டேஷ்போர்டிலுள்ள சிறு விசையோ ஸ்டீரியோவுக்குள் இருக்கும் மெல்லிய செம்புத் தடமோ அதைத் தாங்காது. ஆகவே பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுப்பது கட்டாயமாயிற்று. ஆனால் நேராக இணைத்துவிட்டு நிறுத்த வழியில்லாமல் விட்டால், பாட்டு இல்லாதபோதும் அது சும்மா இருக்காது. ஓய்விலேயே ஓர் ஆம்பியர் குடித்தாலும் 40 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளைக்குள் வற்றிவிடும்.

தீர்வு மாற்றியின் உள்ளேயே கிடைத்தது. வெட்டும் வேலையை நடத்துவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்494 போன்ற ஒரு சிறு சில்லு. அந்தச் சில்லுக்கு உயிர் இல்லாவிட்டால் பெரிய டிரான்சிஸ்டர்கள் அசையமாட்டா. பேட்டரி ஒயர் இணைந்தே இருந்தாலும் ஆம்பிளிஃபயர் தூங்கும். சில்லுக்கு வேண்டியதோ சில மில்லி ஆம்பியர்கள்தான். ஸ்டீரியோவிலிருந்து 12 வோல்ட் தரும் ஒரு மெல்லிய ஒயர் போதும், முழு ஆம்பிளிஃபயரும் எழுந்துவிடும். பல ஆம்பிளிஃபயர்களில் ரிமோட் முனை நேராகவோ சிறு டிரான்சிஸ்டர் வழியாகவோ அந்தச் சில்லைத்தான் சென்று சேருகிறது.

அப்படியொரு ஒயர் ஸ்டீரியோக்களில் ஏற்கெனவே இருந்தது. ரேடியோ போட்டதும் மோட்டார் வைத்துத் தானே உயரும் ஆன்டெனா அன்றைய சொகுசுக் கார்களின் அடையாளம். முதலில் அதற்கு டேஷ்போர்டில் தனி விசை இருந்தது. பிறகு ரேடியோவே உத்தரவு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ரேடியோ ஓடும்வரை நீல ஒயரில் 12 வோல்ட் இருக்கும். ஆன்டெனாவின் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் விசை) அதைப் பார்த்து மோட்டாரை இயக்கிக் கம்பியை ஏற்றும். ஒயர் அணைந்தால் இறக்கும். மோட்டாருக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனியாக வரும். ஆம்பிளிஃபயருக்குத் தேவைப்பட்டதும் அச்சு அசல் இதே ஏற்பாடுதான். பொருத்துபவர்கள் நீல ஒயரின் தோலைச் சீவி, அதிலேயே ஆம்பிளிஃபயரின் ஒயரையும் முறுக்கிச் சேர்த்தார்கள்.

இந்த இரவலில் ஒரு குறை இருந்தது. கேசட் ஓடும்போது ஆன்டெனா தேவையில்லை என்று பல ஸ்டீரியோக்கள் நீல ஒயரை அணைத்துவிடும். ரேடியோவில் முழங்கிய கார், கேசட்டைச் செருகியதும் ஊமையாகும். ஆம்பிளிஃபயரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கோளாறும் தெரியாது. தொழில் தெரியாதவர்கள் இதில் பல மணி நேரத்தைத் தொலைக்க முடியும். ஆகவே தயாரிப்பாளர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள்: முழு நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பிளிஃபயருக்கு. பின்னது ரேடியோ, கேசட், சி.டி. எது ஓடினாலும் உயிரோடு இருக்கும். நிரந்தர மின்சாரத்துக்கு மஞ்சள், சாவி திருப்பினால் வருவதற்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு என்ற வரிசையில் இவையும் வழக்கமாயின. ஐரோப்பாவில் பரவிய ஐ.எஸ்.ஓ. இணைப்பியில் இந்த நீல ஒயருக்கு ஏ5 என்ற இடம்.

ஒரு காரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆம்பிளிஃபயர் என்பது இரு வழிகளில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 1983 மாடல் கார்கள் சிலவற்றில், காடிலாக் செவில் உட்பட, போஸ் நிறுவனம் ஒவ்வொரு ஒலிபெருக்கியின் கூட்டுக்குள்ளும் அதற்கென்றே ஓர் ஆம்பிளிஃபயரை வைத்தது. ரேடியோவோடு அத்தனையும் ஒன்றாக எழவேண்டும். மறுபக்கம், ஆர்வலர்கள் சப்வூஃபருக்கு ஒன்று, நடு ஒலிக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று எனத் தாங்களே அடுக்கத் தொடங்கினார்கள். ஒரு ரிமோட் ஒயர் முதல் ஆம்பிளிஃபயருக்கு வந்து, அங்கிருந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தாவிப் போகும். இரண்டு, மூன்று வரை இது பெரும்பாலும் நன்றாகவே ஓடும்.

எண்ணிக்கை கூடக்கூட இடர் வளர்ந்தது. பல ஸ்டீரியோக்களில் அந்த ஒயருக்கான எல்லை 300 மில்லி ஆம்பியர். ஆம்பிளிஃபயர்களோடு ஈக்வலைசர், கிராஸ்ஓவர், குளிர்விக்கும் விசிறி என எல்லாவற்றையும் அதிலேயே தொங்கவிட்டால் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறு டிரான்சிஸ்டர் பொசுங்கும். பிறகு ஸ்டீரியோவில் விளக்கு எரியும், திரை ஓடும், சத்தம் மட்டும் வராது. அப்போது சிலர் ரிமோட் முனையைச் சாவி மின்சாரத்தோடு இணைத்துவிடுகிறார்கள். அது சரியான மாற்று அன்று. ஸ்டீரியோ அணைந்திருந்தாலும் சாவி திரும்பியிருக்கும்வரை ஆம்பிளிஃபயர் விழித்திருக்கும். ஸ்டீரியோவை அணைத்துப் போடும்போது ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று அடியும் விழும்.

முறையான தீர்வு, கார்களில் ஹெட்லைட்டுக்கும் ஹார்னுக்கும் நெடுங்காலமாக இருக்கும் சின்ன சதுர ரிலே. அதன் கால்களில் பொறித்த 30, 85, 86, 87 என்ற எண்கள் ‘டின் 72552’ என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை. ஸ்டீரியோவின் நீல-வெள்ளை ஒயரை 86-இலும் எர்த்தை 85-இலும் கொடுத்தால் ரிலேயின் மின்சுருளான காயில் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு வரும் மின்சாரம் 87-க்குத் தாவி, அங்கிருந்து எல்லா ஆம்பிளிஃபயர்களின் ரிமோட் முனைக்கும் பிரியும். பின்னால் எத்தனை இருந்தாலும் ஸ்டீரியோவுக்குத் தெரியும் சுமை அந்தக் காயில் மட்டுமே, சுமார் 150 மில்லி ஆம்பியர். ஒரு நுணுக்கமும் இதில் உண்டு. காயில் அணையும் கணத்தில் அதில் தேங்கிய காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் பன்மடங்கு மின்னழுத்தம் எழும். அது ஸ்டீரியோவின் டிரான்சிஸ்டரைத் தாக்காமலிருக்க 1என்4001 போன்ற ஒரு டயோடை, கோடு போட்ட முனை 86-இன் பக்கம் இருக்கும்படி, காயிலின் குறுக்கே இணைக்கவேண்டும். சில ரூபாய் விலையுள்ள இந்தப் பொருள் முழு ஸ்டீரியோவையும் காக்கிறது.

2000-க்குப் பின் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் ஸ்டீரியோக்களில் இந்த ஒயர் குறையத் தொடங்கியது. 2001-இல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் ‘மோஸ்ட்’ என்னும் ஒளியிழைப் பின்னலைக் கொண்டுவந்தது. பாட்டும் எழுப்பும் உத்தரவும் ஒரே இழையில் ஒளியாகப் போகின்றன. வேறு கார்களில் ‘கேன்’ தகவல் தடம் அந்தச் சேதியைச் சொல்கிறது. இத்தகைய காரில் வெளி ஆம்பிளிஃபயர் பொருத்த விரும்புபவர், ஒயரைத் தேடி டேஷ்போர்டைப் பிரித்தாலும் பயனில்லை. இதற்கு ஆம்பிளிஃபயர் செய்பவர்கள் வேறு வழி கண்டார்கள். பாலச் சுற்றில் இயங்கும் ஸ்டீரியோவில், பாட்டு இல்லாதபோதும் ஒலிபெருக்கி ஒயர் ஒவ்வொன்றிலும் பேட்டரியின் பாதி, அதாவது ஏறத்தாழ 6 வோல்ட், நிற்கும். ஆம்பிளிஃபயர் அதை உணர்ந்து தானே விழித்துக்கொள்கிறது. தகவல் தடத்தைப் படித்து, பழைய வழக்கப்படி 12 வோல்ட் எழுப்பித் தரும் இடைப்பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. தானே உயரும் ஆன்டெனா கார்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. வெளிச்சந்தை ஆம்பிளிஃபயர்களில் மட்டும் பேட்டரி, எர்த் என்ற இரண்டு பெரிய திருகுகளுக்குப் பக்கத்தில் ‘ரெம்’ என்று பொறித்த சின்னத் திருகு இன்றும் இருக்கிறது.