கிணற்றில் இறங்கிய வாணம்

சிவகாசியின் கதையைத் தொடங்கினால் எல்லோரும் 1922-க்குத்தான் போவார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், மழை பொய்த்த கரிசல் பூமியில் அதனால் அடுப்பெரிந்ததும் எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத சரித்திரந்தான். அதில் ஒரு கிளைக்கதை உண்டு. அதைக் கிணறுகள்தாம் சொல்ல வேண்டும்.

வாணத்துக்கு வேகம் கொடுக்கும் உப்புகளில் ஒன்று பெர்குளோரேட். தண்ணீரில் கரைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மழையோடு இறங்கி ஊற்றில் சேர்ந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து ஹார்மோன் செய்கிறதல்லவா? அந்த அயோடின் நுழையும் வாசலில் இது முந்திக்கொண்டு நிற்கும். வேடிக்கை என்னவென்றால், 1950-களில் தைராய்டு மிதமிஞ்சி வேலை செய்கிறவர்களுக்கு டாக்டர்கள் இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். மருந்துக்கு வேளை உண்டு, அளவு உண்டு. குடத்துத் தண்ணீருக்கு ஏது? அதைக் குடிப்பவள் கர்ப்பிணியாக இருந்தால், வயிற்றுச் சிசுவின் மூளை வளர்வதே அவளுடைய ஹார்மோனை நம்பித்தான்.

நெடுங்காலம் இதைச் சிறு அளவில் காணக் கருவி இல்லை. 1997-ல் கலிபோர்னியாவில் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் வரை கண்டுபிடிக்கும் முறை வந்தது. ராக்கெட்டுக்கான உப்பு கொலராடோ ஆற்றில் கலந்திருப்பது அதன் பிறகே தெரிந்தது. ஆறு கெட்டு எத்தனை வருஷமோ!

நம் பக்கம் முதல் கணக்கு 2013-ல் அச்சாயிற்று. ஜப்பானிய விஞ்ஞானிகளும் தமிழ்நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து, அயனிகளைப் பிரித்து நிறுக்கும் கருவியில் சிவகாசி, மதுரைத் தண்ணீரைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராம் இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் சொன்ன வரம்பு 15 மைக்ரோகிராம். சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 அதைத் தாண்டின. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைகளின் பக்கத்தில்தான் அளவு மிகுதி. ஆக உயர்ந்தது 7,690 மைக்ரோகிராம். வரம்பைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல்! எண்ணைப் படித்துவிட்டு அச்சுப் பிழையோ என்று மறுபடி பார்த்தேன்.

குழாய்த் தண்ணீரில் எடுத்த மூன்று மாதிரிகளிலும் அரை மைக்ரோகிராம்கூட இல்லை. குழாய் வராத நாளில் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.