வில்லோ ரன் ஆலையும் போர்க்கால உற்பத்தியும்: ஃபோர்டு முறையின் எல்லைகள் (1941–1945)

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்டு மோட்டார் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் ஆலையில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை உற்பத்தி செய்தது. கார் உற்பத்தி முறையை விமானத்துக்குப் பொருத்தியதே அவ்வாலையின் வெற்றிக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. அம்முறையைத் தளர்த்திய பின்னரே உற்பத்தி பெருகியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஃபோர்டு, வில்லோ ரன், பி-24, பேரளவு உற்பத்தி, போர்க்காலத் தொழிலாளர்

முன்னுரை

1940 ஜூனில், பிரிட்டனுக்காக ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சின்களைத் தயாரிக்கும் திட்டத்தை ஹென்றி ஃபோர்டு ஏற்க மறுத்தார். அப்பணி பேக்கார்டு நிறுவனத்துக்குச் சென்றது. அதே ஃபோர்டு நிறுவனம் அடுத்த ஆண்டே அமெரிக்க அரசுக்காக உலகின் மிகப் பெரிய விமான ஆலைகளுள் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. கார் ஆலைகள் போர்த்தளவாட ஆலைகளாக மாறிய இவ்வரலாற்றில், வில்லோ ரன் பெருமையாகவும் சர்ச்சையாகவும் பேசப்பட்ட ஒன்றாகும்.

திட்டமும் முதலீடும்

பி-24 விமானத்தை வடிவமைத்தது கன்சாலிடேட்டட் நிறுவனம். 1941 ஜனவரியில் ஃபோர்டின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்சன், சான் டியேகோவிலிருந்த அதன் ஆலையைப் பார்வையிட்டார். அங்கு விமானங்கள் ஏறத்தாழ ஒவ்வொன்றாகப் பொருத்திச் சரிசெய்யப்பட்டு வந்தன. விமானத்தைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே முடித்து, இறுதியில் நகரும் வரிசையில் இணைத்தால் மணிக்கு ஒரு விமானம் தயாரிக்கலாம் என்று சோரன்சன் கணித்தார்.

1941 ஏப்ரலில் இப்சிலான்டி நகருக்கருகே கட்டுமானம் தொடங்கியது. ஃபோர்டின் பழைய ஆலைகளை வடிவமைத்த ஆல்பர்ட் கானே இதற்கும் கட்டடக் கலைஞர். ஆலை ஏறத்தாழ 35 லட்சம் சதுர அடிப் பரப்புடையது. இதற்கான முதலீடு அரசின் பாதுகாப்பு ஆலைக் கழகத்தினுடையது. நிறுவனம் ஆலையை நடத்தும் பொறுப்பையே ஏற்றிருந்தது. தனியார் தொழில்திறனின் சாதனையாக வில்லோ ரன்னைச் சித்திரிப்போர் இவ்வுண்மையைப் பெரும்பாலும் கவனத்திற்கொள்வதில்லை.

எஃகு அச்சுகளும் மாறும் வடிவமைப்பும்

பேரளவு உற்பத்தியின் அடிப்படை, வடிவமைப்பு மாறாதிருத்தலே. 1908 முதல் 1927 வரை மாடல் டி காரை 1.5 கோடி அளவுக்கு ஃபோர்டால் தயாரிக்க முடிந்ததற்கு இது முதன்மையான காரணமாகும். விமானத் தொழிலோ வேறு வழக்கத்தைக் கொண்டிருந்தது. விமானத்தின் வடிவம் அடிக்கடி மாறும் என்பதால், அத்தொழிலில் எளிதில் திருத்தக்கூடிய மென்மையான அச்சுகளைப் பயன்படுத்தினர். ஃபோர்டு பொறியாளர்கள் கார் தொழிலுக்குரிய கடினமான எஃகு அச்சுகளையே விரும்பினர்.

பி-24 விமானத்தில் ரிவெட் ஆணிகள் மட்டுமே மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவை. போர்முனை அனுபவத்திலிருந்து துப்பாக்கி மாடம், எரிபொருள் கலம், கவசத் தகடு ஆகியவற்றில் திருத்தங்கள் கோரப்பட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு திருத்தமும் விலையுயர்ந்த அச்சுகளைப் பயனற்றதாக்கியது. 1942 முடியும்வரை நூறு விமானங்கள்கூட நிறைவு பெறவில்லை. ஆலையின் பெயரைத் திரித்து, 'இது ஓடுமா?' என்னும் பொருள்படும் கேலிப்பெயரும் வழங்கலாயிற்று. 1943இல் செனட்டர் ட்ரூமன் தலைமையிலான விசாரணைக் குழு, ஆலை கார் தொழிலின் முறையை அளவுக்கு மீறிப் பின்பற்றி அமைக்கப்பட்டதாகக் குறை கூறியது.

தொழிலாளரும் குடியிருப்பும்

ஆலை டெட்ராய்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவில் இருந்தது. டயரும் பெட்ரோலும் பங்கீட்டின்கீழ் வந்த காலத்தில் அன்றாடம் இத்தொலைவைக் கடப்பது எளிதன்று. இப்சிலான்டியைச் சுற்றிப் பலர் டிரெய்லர்களிலும் கூடாரங்களிலும் வாழ்ந்தனர். தொழிலாளர்க்கென நிலையான நகர் ஒன்றை அமைக்க வேண்டுமெனத் தொழிற்சங்கம் கோரியது. நிறுவனம் அதனை எதிர்த்தது. இறுதியில் தற்காலிகக் குடியிருப்புகளையே அரசு கட்டியது. அவற்றிலும் கறுப்பினத் தொழிலாளர்க்கு இடம் மறுக்கப்பட்டது. போர்த்தளவாடத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802ஆம் நிர்வாக ஆணையை 1941 ஜூனிலேயே ரூஸ்வெல்ட் பிறப்பித்திருந்தார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

1943 கோடையில் ஏறத்தாழ 42,000 பேர் பணியாற்றினர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பயிற்சி பெற்ற ஆண்கள் படைக்கு அழைக்கப்பட்டதாலும், பயணமும் குடியிருப்பும் தந்த இடர்களாலும் பலர் பணியை விட்டு நீங்கினர். எனவே ஆலை புதியவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியளிக்க வேண்டியதாயிற்று. எஃகு அச்சுகளைப் போலவே ஆட்பற்றாக்குறையும் உற்பத்தியைத் தடுத்த காரணியாகும்.

முறை தளர்ந்தமையும் விளைவும்

1943இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, பல பாகங்களின் தயாரிப்பு ஃபோர்டின் பிற ஆலைகளுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் மாற்றப்பட்டது. வேலை, ஆட்கள் வாழும் இடங்களைத் தேடிச் சென்றது. இரண்டாவது, வடிவமைப்புத் திருத்தங்கள் தொகுதி தொகுதியாக ஏற்கப்பட்டன. ஒரு தொகுதி முடியும்வரை வடிவம் மாறாது. இடைப்பட்ட அவசரத் திருத்தங்கள் பர்மிங்ஹாம் முதலிய இடங்களிலிருந்த திருத்த மையங்களில் செய்யப்பட்டன.

1944 வசந்த காலத்தில் உற்பத்தி மாதத்திற்கு 400 விமானங்களைத் தாண்டியது. தொழிலாளர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் உச்சத்தைவிடக் குறைந்திருந்த நிலையில், மணிக்கு ஒன்று என்ற இலக்கு எட்டப்பட்டது. கடைசி விமானம் 1945 ஜூன் 28இல் வெளிவந்தது. பிற ஆலைகளில் பொருத்துவதற்காகப் பகுதிகளாக அனுப்பப்பட்டவை உட்பட 8,685 விமானங்கள் வில்லோ ரன்னின் கணக்கில் சேரும். இது போர்க்காலத்தில் தயாரான பி-24 விமானங்களில் ஏறத்தாழப் பாதியாகும்.

முடிவுரை

தொகுதிகளாகப் பிரிக்கும் சோரன்சனின் திட்டம் இறுதிவரை பயன்பட்டது. அதை மறுப்பதற்கில்லை. எனினும் மாறாத வடிவம், அனைத்தும் ஒரே கூரையின்கீழ் என்னும் ஃபோர்டு முறையின் இரு கொள்கைகளும் போரின் தேவைக்கு முன் நிற்கவில்லை. அவை தளர்வதற்கு இரண்டாண்டுகள் கழிந்தன. அத்தாமதத்தின் சுமையைக் கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்தவர்களும் குடியிருப்பு மறுக்கப்பட்டவர்களும் சுமந்தனர். ஆதலின் போர்க்கால உற்பத்தி மாற்றத்தை மதிப்பிடுகையில், விமானங்களின் எண்ணிக்கையோடு தொழிலாளரின் வாழ்நிலையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.