சுயெசு 1956: படையும் அதற்குக் கூறிய நியாயமும்

ஓர் அரசு பிறிதோர் அரசின்மீது படை செலுத்துங்கால் அதற்கொரு காரணங் கூறுதல் பண்டுதொட்டு வரும் வழக்கு. 1945 இல் ஐக்கிய நாடுகள் சாசனம் கைச்சாத்திடப்பட்டபின் அவ்வழக்கு ஒரு கட்டாயமாயிற்று. பலாத்காரப் பிரயோகத்தைச் சாசனத்தின் 2 ஆம் உறுப்புரை தடுக்கின்றது. தாக்கப்பட்ட நாட்டின் தற்காப்புரிமையை 51 ஆம் உறுப்புரை ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே போர் செய்யத் துணிந்த அரசு படையைத் திரட்டுமுன் சொல்லைத் தேடவேண்டியதாகின்றது. அச்சொல் பொய்யாக இருப்பின் அது பிறரை ஏமாற்றுவதோடமையாது, சொன்னவரின் படையையே கட்டிப்போடவும் வல்லது. 1956 ஆம் ஆண்டுச் சுயெசுப் போரிலே நிகழ்ந்தது இதுவே.

1869 நவம்பர் 17 இல் திறக்கப்பட்ட கால்வாயை நடத்திவந்த கொம்பனிக்கு 99 ஆண்டு உரிமை அளிக்கப்பட்டிருந்தது. அது 1968 இல் முடிவுறவேண்டியது. கடனில் மூழ்கிய கெதீவ் இசுமாயிலிடமிருந்து 1875 இல் டிசுரேலி ஏறக்குறைய 40 இலட்சம் பவுணுக்கு வாங்கிய பங்குகளாற் பிரித்தானிய அரசு அக்கொம்பனியின் 44 வீதப் பங்காளியாயிற்று. 1954 ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கிணங்கப் பிரித்தானியாவின் கடைசிப் படையினர் 1956 யூன் 13 இல் கால்வாய்ப் பிரதேசத்தை விட்டகன்றனர். அசுவான் அணைக்குப் பொருளுதவி செய்வதாகக் கூறியிருந்த அமெரிக்கா யூலை 19 இல் தன் சொல்லை மீட்டுக்கொண்டது. பிரித்தானியாவும் அதனைப் பின்பற்றியது. ஒரு வாரங் கழிந்து, யூலை 26 இல், அலெக்சாந்திரியாவில் ஆற்றிய உரையில் நாசர் கொம்பனியை நாட்டுடைமையாக்கினார். அவ்வுரையிடையே ‘லெசெப்சு’ என்ற பெயரை அவர் உச்சரித்தமையே கொம்பனியின் அலுவலகங்களைக் கைப்பற்றுதற்குரிய குறிப்பாயிருந்தது.

பிரித்தானியாவின் அச்சம் முற்றும் போலியானதன்று. மேற்கு ஐரோப்பாவுக்கு வேண்டிய எண்ணெயிற் பெரும்பகுதி அக்கால்வாய் வழியே சென்றது. முப்பதாம் ஆண்டுகளில் சர்வாதிகாரிகளுக்கு இடங்கொடுத்ததன் பயனைக் கண்டவரான பிரதமர் ஈடன், நாசரை முசோலினியோடு ஒப்பிட்டார். பிரான்சுக்கோ வேறொரு காரணம் இருந்தது: அல்சீரியக் கிளர்ச்சிக்காரருக்கு நாசர் துணைநின்றார். ஆயினும் படையெடுப்புக்குப் போதிய காரணம் இவற்றுள் எதுவுமில்லை. பங்காளருக்கு நட்டஈடு வழங்குவதாக நாசர் அறிவித்தார். செத்தெம்பரில் ஐரோப்பிய மாலுமி வழிகாட்டிகள் கூட்டமாக விலகியபின்னும் எகிப்தியர் கால்வாயைத் தடையின்றி நடத்திக் காட்டினர். ஓகத்தில் இலண்டனிற் கூடிய 22 நாடுகளுள் 18 நாடுகள் சர்வதேசக் கட்டுப்பாட்டை விரும்பின. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியற் நாடு ஆகிய நான்கும் உடன்படவில்லை. ஒக்டோபர் 13 இற் பாதுகாப்புச் சபை, எகிப்தின் இறைமையை மதித்தல், கால்வாயை யாவர்க்கும் திறந்துவைத்தல் முதலாய ஆறு கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. சாமம், தானம், பேதம், தண்டம் என நம் முன்னோர் வகுத்த முறையிலே தண்டம் இறுதியில் நிற்பது. இங்குச் சாமமே இன்னும் முடியவில்லை.

ஒன்பது நாளின் பின், ஒக்டோபர் 22 இல், பாரிசின் அயலிலுள்ள செவ்ர் என்னுமிடத்தில் ஒரு வீட்டில் இரகசியக் கூட்டமொன்று தொடங்கியது. பிரான்சின் மொலே, பினோ ஆகியோரும் இசுரவேலின் பென் குரியன், தயான் முதலியோரும் அங்கிருந்தனர். பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் செல்வின் லொயிட் முதனாள் வந்து சென்றார். 24 ஆந் திகதி கையொப்பமான பத்திரத்தின்படி, இசுரவேல் எகிப்தைத் தாக்கும். பிரித்தானியாவும் பிரான்சும் நடுவர்போல் தோன்றி இருதிறத்தாரையும் விலகுமாறு பணிக்கும். எகிப்து மறுக்க, அவ்விரு நாடுகளின் படைகளும் உட்புகும். பிரித்தானியப் பிரதியை அழித்துவிடுமாறு ஈடன் பணித்தார். பென் குரியனின் பிரதி தப்பியிருந்து, 1996 இல் உலகின் கண்ணுக்கு வந்தது.

ஒக்டோபர் 29 இல் இசுரவேல் தாக்கியது. மறுநாள் விடுக்கப்பட்ட இறுதி எச்சரிக்கை, பன்னிரண்டு மணி நேரத்துள் இருபடைகளும் கால்வாய்க்குப் பத்து மைல் அப்பால் நிற்கவேண்டும் என்றது. மித்லாக் கணவாயருகே இறங்கிய பிரிவு தவிர, இசுரவேலின் படை அப்பொழுது கால்வாய்க்கு நெடுந்தொலைவில் நின்றது. எனவே தாக்கப்பட்டவன் தன் நிலத்தில் பின்வாங்கவும், தாக்கியவன் முன்னேறவும் அவ்வெச்சரிக்கை வழிவிட்டது. படித்தவுடன் எவரும் உண்மையை ஊகிக்கத்தக்க பத்திரம் அது.

பொய்யின் விலை இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. மால்ட்டாவிலிருந்து தரையிறக்கக் கப்பல்கள் எகிப்தை அடைய ஏறக்குறைய ஆறு நாள் வேண்டும். உண்மையான நோக்கம் கால்வாயைக் கைப்பற்றுவதும் நாசரை வீழ்த்துவதுமாகும். அதனை வெளிப்படையாகக் கூறியிருப்பின் கப்பற்படையை முன்னரே கரையருகே நிறுத்தியிருக்கலாம். நடுவர் வேடம் பூண்டவரோ, சண்டை மூளுமுன் வாசலிற் படையோடு நிற்றல் இயலாது. ஒக்டோபர் 31 இல் விமானத் தாக்குதல் தொடங்கிற்று. பரசூட் படையினர் போட் சயிட்டில் இறங்கியது நவம்பர் 5 இல். கடல்வழிப் படை இறங்கியது 6 இல். இதற்கிடையில் எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்துவிட்டது. கால்வாயைத் திறந்துவைக்க வந்ததாகக் கூறிய படையெடுப்பே அது மூடப்படக் காரணமாயிற்று.

பாதுகாப்புச் சபையிற் பிரித்தானியா முதன்முறையாக வீற்றோவைப் பயன்படுத்தியது. நவம்பர் 2 இற் பொதுச்சபை 64 க்கு 5 வாக்குகளாற் போர்நிறுத்தங் கோரியது. அடுத்து, கனடாவின் லெசுரர் பியர்சன், இருதிறத்தாரையும் பிரித்துவைக்க ஐக்கிய நாடுகளின் படையொன்றை அமைக்கலாம் என்றார். இதன் நுட்பம் நோக்கற்பாலது. பிரித்தானியா வாயாற் கூறிய நோக்கத்தை அவர் அப்படியே ஏற்று, அதனைப் பிறர் நிறைவேற்றலாம் எனக் காட்டிவிட்டார். நவம்பர் 5 அளவில் எகிப்தும் இசுரவேலும் போர்நிறுத்தத்துக்கு இணங்கியதும், பிரிப்பதற்கு வந்தவருக்குப் பிரிக்க எவரும் இல்லாமற் போயினர். பவுண் நாணயம் ஆட்டங்கண்டது. அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. தொடக்கத்திற் போரை உரக்க ஆதரித்த நிதியமைச்சர் மக்மிலனே நிறுத்தும்படி கேட்டார். நவம்பர் 6 நள்ளிரவிற் படை நின்றது. படைவிலகல் உறுதியானபின்னரே டிசம்பரிற் சர்வதேச நாணய நிதியின் 56 கோடி டொலர் கிடைத்தது. அம்மாதத்திலேயே பிரித்தானியாவிற் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது.

டிசம்பர் 20 இல், இசுரவேல் தாக்கும் என்பது முன்னரே தெரியாது என்று ஈடன் பாராளுமன்றத்திற் கூறினார். 1957 சனவரி 9 இற் பதவி துறந்தார்.

ஆட்சியாளரின் வீழ்ச்சியையே சரித்திர நூல்கள் விரித்துரைப்பது ஒரு குறை. பிரித்தானியரில் 16 பேரும் பிரெஞ்சியரில் 10 பேரும் இறந்தனர். போட் சயிட்டில் இறந்த எகிப்தியர் ஏறக்குறைய 650 பேர் எனப் பிரித்தானிய அரசு நியமித்த விசாரணையாளரே மதிப்பிட்டார். எகிப்தியர் கூறிய தொகை இதனினும் மிகப் பெரிது. தலைமுறை தலைமுறையாய் எகிப்தில் வாழ்ந்த யூதரில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நாட்டை விட்டகல நேர்ந்தது. சுயெசுவில் உலகின் கண் பதிந்திருந்த நவம்பர் 4 இற் சோவியற் தாங்கிகள் புடாபெசுட்டில் நுழைந்தன. சுயெசு இல்லாவிடினும் அவை நுழைந்திருக்கக்கூடும். ஆனால் அதனைக் கண்டித்த இலண்டனின் குரலுக்கு அன்று மதிப்பில்லை.

திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் 1957 இன் இறுதியில் இலங்கை வசமானதைச் சுயெசுவின் விளைவென்பாருளர். அது மிகை. 1956 ஏப்ரலில் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசு அக்கோரிக்கையைக் கால்வாய் நெருக்கடிக்கு முன்னரே எழுப்பிவிட்டது. வாதிப்பதற்குப் பிரித்தானியாவிடம் எஞ்சியிருந்த வலிமையைச் சுயெசு குறைத்தது என்ற அளவே பொருந்தும்.

போரினாற் பெறமுடியாததை 1958 இற் பேச்சுவார்த்தை தந்தது: பங்காளருக்கு 2 கோடி 83 இலட்சம் எகிப்தியப் பவுண் கொடுக்க எகிப்து உடன்பட்டது. பியர்சனின் யோசனையாற் பிறந்த படை, 1967 மேயில் எகிப்தின் வேண்டுகோளின்படி வெளியேறியது. யூனில் மீண்டும் போர் மூண்டது. கொம்பனியின் உரிமை தானாகவே முடிந்திருக்கவேண்டிய 1968 நவம்பரிற் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. முன்னைய ஆண்டின் போரில் அகப்பட்ட சரக்குக் கப்பல்கள் அதனுள்ளே நங்கூரமிட்டபடி நின்றன. 1975 யூன் 5 வரை அவ்வழி போக்குவரத்துக்குத் திறக்கப்படவில்லை.