கருவி விவரிப்பு (செயற்கை நுண்ணறிவு)

கருவி விவரிப்பு என்பது, பயனர் இட்ட பணியைக் கருவிகள் எனப்படும் வெளி நிரல்களை அழைத்து முடிக்கும் மென்பொருளாகிய செயற்கை நுண்ணறிவு முகவருக்கு, ஒரு நிரலை எப்போது, எந்த உள்ளீடுகளுடன் அழைக்க வேண்டும் என்று எடுத்துரைக்கும் குறிப்பாகும். நிரலின் உட்புறம் பொதுவாக முகவருக்குக் காட்டப்படாததால், கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீடுகளின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டே அது முடிவெடுக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் இவ்வாறு நிரல்களை அழைக்கும் வசதியைத் தன் மொழி மாதிரிகளுக்கு அளித்தது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில், மாதிரிகளைக் கருவிகளுடன் இணைக்க எம்சிபி என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது.

பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற தேனி மாவட்டத்து வடுகபட்டிக்கு விலை சொல்லும் கருவி ஒன்றை அமைப்பதாகக் கொண்டால், ‘பூண்டு விலையைத் தரும்’ என்ற விவரிப்பு எதுவும் எழுதாததற்கு ஏறத்தாழச் சமம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டா, வடமாநிலங்களிலிருந்து வரும் பூண்டா என்பது முதலில் தெளிவாக வேண்டும். இந்திய அரசின் அக்மார்க்நெட் தளம் விலையைக் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, ரூபாய்க் கணக்கில் தருவதால், அத்தரவைப் பயன்படுத்தும் கருவியின் விவரிப்பில் அலகு விடுபட்டால், கிலோ விலை கேட்ட வியாபாரிக்கு நூறு மடங்கு பிழையான விடை போய்ச் சேரக்கூடும். வடுகபட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் இருப்பதால், மாவட்டத்தைக் கட்டாய உள்ளீடாக்குவதே முறை. விலை பதிவாகாத நாளில் கருவி எதைத் திருப்பித் தரும் என்பதை எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அது சொல்லப்படாதபோது, வெற்று விடையை முகவர் பூஜ்ய விலையாகவே கொள்ளவும் இடமுண்டு.