மனத்தை அளக்கும் கோல்



வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் பதிவு அட்டையும் நீண்ட வரிசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வேலை நாடி வருவோரிடம் ‘என்ன படித்தாய்?’ என்பதோடு, ‘எதற்கு நீ ஏற்றவன்?’ என்றும் கேட்டறிய உளச்சோதனைகள் எழுந்தன. அவற்றின் கதையைச் சொல்லப் புகுகின்றேன்.

அக்கதை தொடங்கும் இடங்களுள் ஒன்று பாரிசு நகரம். காரைக்கால் அப்பொழுது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. படிப்பில் பின்தங்கிய சிறுவரைக் கண்டறிய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டே ஆல்பிரெட் பினே என்பவர், சிமோன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 30 சோதனைகளை வகுத்தார். பிள்ளைகளை ஒதுக்குவதற்கன்று, உதவுவதற்கே அவர் அதனைச் செய்தார். அறிவு மாறாத அளவு அன்று, பயிற்சியால் வளர்வது என்று 1909இல் எழுதியும் வைத்தார். கோல் கடல் கடந்தது; எச்சரிக்கையோ கரையிலேயே நின்றுவிட்டது.

முதல் உலகப்போரில், 1917 முதல், அமெரிக்கப் படை 17 லட்சம் பேரை இவ்வாறு சோதித்தது. எழுத்தறியாதார்க்குப் படச் சோதனை தனியே இருந்தது. பின்னர் அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறை 12 சோதனைகள் கொண்ட ஒரு தொகுதியை வெளியிட்டது. அஃது ஒன்பது திறன்களை அளந்தது. எல்லாம் தாளில் எழுதுவன அல்ல. பலகைத் துளைகளில் முளைகளை மாற்றிச் செருகுவதும், சிற்றாணியில் வளையம் கோத்துப் பொருத்துவதும் அவற்றுள் அடங்கும். விரல்களுக்கும் மதிப்பெண் கிடைத்தது என்பதே எனக்கு அதில் மிகப் பிடித்தது.

நம் நாட்டில் போர்வீரரின் மறுவாழ்வுக்காக 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. 1956 நவம்பர் 1இல் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. (காரைக்கால் இந்தியாவிடம் வந்ததும், ஈராண்டு முன்னர், அதே நவம்பர் 1இல்தான்!) பின்னர்த் தொழில் வழிகாட்டலும் அவற்றின் பணியாயிற்று. அயல்நாட்டுச் சோதனையை நம் மொழிக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப மாற்றாமல் கையாண்டால், அஃது எதனை அளக்கும்?

என் மாணவன் ஒருவன் மீனவர் குடியினன். வேலை தேடிச் சென்ற ஓரிடத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளைக் கொடுத்து, ‘மந்தம்’ என்று குறித்து அனுப்பிவிட்டனர். சில ஆண்டுகட்குப் பின் அரசலாற்றங்கரையில் அவனைக் கண்டேன். பழுதுற்ற படகு எந்திரத்தைக் கழற்றிப் பரப்பியிருந்தான். அத்தாளில் எந்திரத்தைப் பற்றி ஒரு வினாவேனும் இருந்ததா என்று கேட்டேன். “இருந்திருக்கலாம் ஐயா, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையே” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திருகாணியைத் தேடினான்.