புதிய டிபெண்டர்: தோற்றமும் டாஷ்போர்ட்டும் பற்றிய விவாதம்

லாண்ட் ரோவர் டிபெண்டர் (உற்பத்திக் குறியீடு எல்663) பிரித்தானியாவின் ஜாகுவார் லாண்ட் ரோவர் நிறுவனம் தயாரிக்கும் சொகுசு ரக நாற்சில்லு இயக்க வாகனம். 2019 செப்டெம்பர் 10 அன்று ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் மோட்டார் கண்காட்சியில் வெளியிடப்பட்டு, 2020இல் விற்பனைக்கு வந்தது. வயல், காடு, படைமுகாம் என உழைப்புக்கே பேர்போன ஒரு ஜீப்பின் பெயரை விலையுயர்ந்த வாகனமொன்று ஏற்றதால், வெளியான நாள் முதலே இரண்டு விடயங்களில் கருத்துமோதல் எழுந்தது: வெளித்தோற்றம் பழைய வாகனத்துக்கு நேர்மையானதா என்பது ஒன்று, சாரதியின் கைக்கு எட்டும் கட்டுப்பாடுகளில் எவை குமிழாக இருக்க வேண்டும், எவை திரைக்குள் போகலாம் என்பது மற்றது.

பழைய வடிவம்

ரோவர் நிறுவனத்தின் பொறியியல் பொறுப்பாளர் மொறிஸ் வில்க்ஸ் 1947இல் முதல் லாண்ட் ரோவரைக் கற்பனை செய்தார். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்ததால் உடற்பகுதி அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. செலவு மிக்க அச்சுகளைத் தவிர்க்கத் தகடுகள் தட்டையாகவே வளைக்கப்பட்டன. பிற்காலத்தில் இரசிகர்கள் போற்றிய நேர்கோட்டு அழகு இப்படித் தட்டுப்பாட்டிலும் சிக்கனத்திலும் பிறந்ததே. 1958இல் வந்த இரண்டாம் வரிசை வண்டியில்தான் டேவிட் பாச் என்ற வடிவமைப்பாளர் பக்கத் தகடுகளுக்கு மெல்லிய வளைவைக் கொடுத்தார்.

டாஷ்போர்ட்டிலும் இதே சிக்கனம் தெரிந்தது. 1947ஆம் ஆண்டு மாதிரி வண்டியில் ஸ்டியரிங் நடுவிலேயே இருந்தது. விற்பனைக்கு வந்த முதல் இரண்டு வரிசைகளில் வேகமானி முதலான மானிகள் பலகையின் நடுவில் பொருத்தப்பட்டன. வலப்பக்க ஸ்டியரிங்குக்கும் இடப்பக்க ஸ்டியரிங்குக்கும் ஒரே பலகை போதும் என்பதே அதன் பயன். 1971இன் மூன்றாம் வரிசையில் அவை சாரதியின் நேர்முன்னே நகர்ந்தன. நான்கு சில்லுகளையும் இயக்க மஞ்சள் குமிழ், குறைவேகப் பற்சக்கரத்துக்குச் சிவப்புக் குமிழ் என, கையுறை அணிந்த கையும் தடவியே அறியும் ஏற்பாடு அந்த வரிசைகளில் இருந்தது. முன்கண்ணாடியின் கீழிருந்த இரண்டு காற்றுமடிப்புகளை நெம்பினால் வெளிக்காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

சுருள்வில் பொருத்திய 110 மாதிரி 1983இல் வந்தது. டிபெண்டர் என்ற பெயர் 1990இல் சூட்டப்பட்டது. 2007இல் டாஷ்போர்ட் பெரிதும் மாற்றப்பட்டபோது காற்றுமடிப்புகள் நீக்கப்பட்டன. அதுவே அன்று ஒரு பிரிவினரின் மனக்குறையாயிற்று. மோதல் பாதுகாப்பு, புகை வெளியேற்றம் ஆகியவற்றுக்கான விதிகள் இறுகிய நிலையில், ஏறத்தாழ 20 இலட்சம் வண்டிகளுக்குப் பின் 2016 ஜனவரி 29 அன்று சொலிஹல் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது.

புதிய வடிவம்

இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் 2008இல் 230 கோடி அமெரிக்க டொலருக்கு ஃபோர்ட் நிறுவனத்திடமிருந்து ஜாகுவார், லாண்ட் ரோவர் இரண்டையும் வாங்கியது. அதன்பின் 2011இல் டிசி100 என்ற முன்மாதிரி காட்டப்பட்டது. கடற்கரை விளையாட்டு வண்டிபோல் இருக்கிறதென்று பழைய உரிமையாளர்கள் அதை வெறுத்தனர். அது உற்பத்திக்குப் போகவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த வடிவம், ஜெரி மக்கவர்ன் தலைமையிலான குழுவினுடையது.

பழையதன் அடையாளங்கள் சில இதில் எடுத்தாளப்பட்டுள்ளன: நிமிர்ந்த முகம், முன்னும் பின்னும் குட்டையாக முடியும் உடல், கூரையோரச் சிறு கண்ணாடிகள், பக்கவாட்டில் திறக்கும் பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரம். பழையதில் இல்லாத அடிப்படை மாற்றம் சேஸிஸில் நிகழ்ந்தது. ஏணி வடிவச் சேஸிஸின்மேல் உடலை ஏற்றும் முறை கைவிடப்பட்டு, உடலும் சட்டமும் ஒன்றான அலுமினியக் கட்டமைப்பு வந்தது. வழமையான ஏணிச் சேஸிஸைவிட இது மூன்று மடங்கு விறைப்பானது என நிறுவனம் கூறுகிறது. காற்றழுத்தத் தொங்கலமைப்பு பொருத்தப்பட்ட வண்டி 900 மில்லிமீற்றர் ஆழ நீரைக் கடக்கலாம். பழையதற்கு அந்த அளவு 500 மில்லிமீற்றர். அகலமோ 1.79 மீற்றரிலிருந்து ஏறத்தாழ 2 மீற்றராகப் பெருத்தது. உற்பத்தி ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில் நடக்கிறது.

தோற்றம் பற்றிய கருத்துகள்

ஆதரித்தோர், பழையதை அப்படியே படியெடுக்காமல் அதன் நிமிர்வை மட்டும் காத்ததைப் பாராட்டினர். 2021இல் உலகின் சிறந்த கார் வடிவமைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது.

எதிர்த்தோரின் குறைகள் மூவகைப்பட்டன. முதலாவது, மூலைகள் உருண்டு, தகடுகள் மினுங்கி, உழைப்பாளியின் வண்டி நகரத்துச் சொகுசாகிவிட்டது என்பது. பிரித்தானியாவில் 45,000 பவுணுக்கு மேல் தொடங்கிய விலை இக்குறைக்கு வலுச் சேர்த்தது. இரண்டாவது, பயனற்ற அலங்காரம் பற்றியது: பின் பக்கவாட்டுக் கண்ணாடியின் நடுவே ஒட்டவைத்தாற்போலிருக்கும் சதுரத் தகடு பார்வையை மறைப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது என்றனர். மூன்றாவது, பின்னோக்குப் பார்வை. உபரிச் சக்கரம் பின்கண்ணாடியை மறைப்பதால், கமராக் காட்சியைக் காட்டும் பின்னோக்குக் கண்ணாடி பொருத்தப்பட்டது. வடிவத்தால் வந்த தடையை மின்னணுவால் தீர்ப்பது சரியா என்ற கேள்வி இங்கிருந்தே கிளைத்தது.

டிபெண்டரின் தோற்றம் நீதிமன்றத்திலும் விவாதிக்கப்பட்டது. பழைய டிபெண்டரின் உருவத்தையே வணிகச் சின்னமாகப் பதிய நிறுவனம் விண்ணப்பித்தபோது, அதையொத்த பெட்டி வடிவ வண்டியைத் திட்டமிட்டிருந்த இனியோஸ் நிறுவனம் எதிர்த்தது. பிரித்தானிய அறிவுசார் சொத்து அலுவலகம் 2019இல் மறுத்தது. 2020 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டைத் தள்ளியது. துறைவல்லுநர் கண்ணுக்கு முக்கியமாகப் படும் வேறுபாடுகள் சாதாரண வாங்குநர் மனதில் பதியாமல் போகலாம் என்பதே அம்முடிவின் சாரம்.

டாஷ்போர்ட்

புதிய வண்டியின் டாஷ்போர்ட்டில் குறுக்கே ஓடும் மக்னீசியக் கலவை உத்திரம் மறைக்கப்படாமல் வெளியே தெரிகிறது. வழக்கமாகப் பிளாஸ்டிக்கின் உள்ளே ஒளிந்திருக்கும் எலும்பு இது. கதவுகளில் திருகாணித் தலைகளும் வெளித்தெரிகின்றன. கியர்த் தண்டு தரையிலிருந்து பலகைக்கு ஏற்றப்பட்டதால், முன்வரிசையில் மூன்றாவதாக ஒருவர் அமரும் இருக்கையை விருப்பத் தெரிவாகத் தர முடிந்தது.

நடுவில் 10 அங்குலத் தொடுதிரை இருந்தது, பின்னர் 11.4 அங்குலத் திரை வந்தது. அதன் கீழே குளிரூட்டிக்குச் சுழற்றும் குமிழ்களும், உயரம், குறைவேகப் பற்சக்கரம் போன்றவற்றுக்குப் பொத்தான்களும் வைக்கப்பட்டன. இந்தக் கலப்பு ஏற்பாட்டைப் பல விமர்சகர்கள் வரவேற்றனர். ஒரே குமிழை அழுத்தியும் சுழற்றியும் வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டியிருப்பது, கண்ணை மீண்டும் பலகைக்கு இழுக்கிறது என்ற குறையும் உண்டு. மணல், சேறு, நீர் என நிலத்துக்கேற்ப இழுவையை மாற்றும் முறை 2004இல் இதே நிறுவனத்தின் டிஸ்கவரி 3 வண்டியில் அறிமுகமானது. புதிய டிபெண்டரில் அதன் நுணுக்க அமைப்புகள் திரையில் தெரிகின்றன. நீரில் இறங்கும்போது ஆழத்தையும் திரையே காட்டும்.

முரண்பாடு என்னவெனில், டிபெண்டரில் குமிழ்களைப் பேணிய அதே நிறுவனம், 2024ஆம் ஆண்டு மாதிரி ரேஞ்ச் ரோவரில் குளிரூட்டிக் குமிழ்களை நீக்கி அவற்றைத் திரைக்குள் கொண்டுசென்றது. உரிமையாளர் பலர் அதை எதிர்த்தனர்.

திரையா, குமிழா

2012இல் டெஸ்லாவின் மொடல் எஸ் 17 அங்குலத் திரையுடன் வந்தபின், பொத்தான்களைக் குறைப்பது வாகனத்துறையில் பரவியது. ஒரு பொத்தானுக்கு அச்சு, கம்பி, பொருத்தும் கூலி எனத் தனித்தனிச் செலவு உண்டு. திரையில் அது ஒரு படம் மட்டுமே. உற்பத்தியாளருக்கு இலாபமான இந்த மாற்றம் சாரதிக்கும் இலாபமா என்பதை சுவீடனின் ‘வி பீலேகரே’ சஞ்சிகை 2022இல் சோதித்தது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு எளிய வேலைகளைச் செய்ய, பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வொல்வோ வி70இல் 10 செக்கன்கள் போதுமாயிருந்தன; அதற்குள் வண்டி 306 மீற்றர் ஓடியது. மிக மோசமான திரை வண்டியான எம்ஜி மார்வல் ஆரில் 44.9 செக்கன்கள் ஆயின. ஓடிய தூரம் 1,372 மீற்றர். அச்சோதனையில் டிபெண்டர் இடம்பெறவில்லை.

அமெரிக்கக் கடற்படையும் இப்பாடத்தைக் கற்றது. 2017இல் சிங்கப்பூர் அருகே யுஎஸ்எஸ் ஜோன் எஸ். மெக்கெய்ன் என்ற நாசகாரிக் கப்பல் மோதியதில் 10 மாலுமிகள் இறந்தனர். விசாரணைக்குப் பின், தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டுக்குப் பதிலாகக் கைப்பிடிகளைத் திரும்பப் பொருத்த அது 2019இல் முடிவெடுத்தது.

போட்டி வடிவம்: கிரெனேடியர்

பழைய டிபெண்டரின் உற்பத்தி நின்ற வெற்றிடத்தை நிரப்ப, இனியோஸின் தலைவர் ஜிம் ரட்கிளிஃப் தொடங்கிய முயற்சியே கிரெனேடியர். 2022 ஒக்டோபரில் பிரான்ஸின் ஹம்பாக் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ஏணிச் சேஸிஸ், பெட்டி வடிவம், பிஎம்டபிள்யூ எஞ்சின் ஆகியவற்றோடு, விமானி அறையை நினைவூட்டும்படி கூரையிலும் சுவிட்சுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டன. ஆயினும் வேகமானி நடுத்திரைக்குப் போனதால் சாரதி பக்கவாட்டில் பார்க்க வேண்டியிருப்பதை விமர்சகர்கள் குறை கூறினர். பழமையைப் போற்றுவது மட்டும் நல்ல டாஷ்போர்ட்டைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

இலங்கையும் வன்னியும்

இலங்கையில் பழைய லாண்ட் ரோவர்கள் மலையகத் தோட்டங்களிலும், டிபெண்டர்கள் பொலிஸ், இராணுவம், அமைச்சர்களின் பாதுகாப்புத் தொடரணி ஆகியவற்றிலும் நீண்டகாலம் ஓடின. அதனால் வடக்கிலுள்ள பலருக்கு அந்தப் பெட்டி உருவம் சாகசத்தை நினைவூட்டுவதில்லை. அதிகாரத்தையும் ஆயுதம் தாங்கிய காவலையுமே நினைவூட்டும். தோற்றம் பற்றிய ஐரோப்பிய விவாதத்தில் இடம்பெறாத பக்கம் இது. வன்னியில் நிவாரணப் பணியோடு இணைத்து நினைக்கப்படும் வாகனம் வேறு: செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளை லாண்ட் குரூசர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணிக்கப்படும் உற்பத்தி வரியும், குறித்த பெறுமதியைத் தாண்டினால் சேரும் சொகுசு வரியும் இவ்வகை வண்டிகளைப் பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன.

வவுனியா மாவட்டத்தின் பூவரசங்குளம் போன்ற ஊர்களை வைத்து இந்த வடிவமைப்பை எடைபோட்டால் அளவுகோல் மாறுகிறது. ஊரை ஊடறுக்கும் வவுனியா–பறயனாலங்குளம் ஏ30 வீதி தார் வீதி. வயலுக்கும் குளக்கட்டுக்கும் இறங்கும் பாதைகள் கிரவல். மாரியில் குளம் வான் பாய்ந்து பாதையைத் தண்ணீர் மூடும்போது 900 மில்லிமீற்றர் என்ற எண் பயனுள்ளது. ஒற்றைத்தடப் பாதையில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் 2 மீற்றர் அகலம் இடைஞ்சலாகிறது. ஈர விரலுக்கு இக்காலத் தொடுதிரைகள் சரியாக இசைவதில்லை. கோடைப் புழுதி திரையில் படிந்தால் வெயிலில் எழுத்துத் தெரியாது. கிரவல் பள்ளங்களில் குலுங்கும் வண்டியில் விரல் குறித்த இடத்தில் படுவதும் அரிது, குமிழையாவது பற்றிக்கொள்ளலாம். இலங்கையில் வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுவதால், நடுத்திரையைப் பெரும்பாலோர் பழக்கம் குறைந்த இடக்கையாலேயே இயக்க வேண்டும் என்பதும் கருதத்தக்கது.

பின்னைய நிலை

வடிவம் பற்றிய எதிர்ப்பு விற்பனையைத் தடுக்கவில்லை. டிபெண்டர் ஆண்டுக்கு 1 இலட்சத்துக்கு மேல் விற்று, நிறுவனத்தின் முதன்மை விற்பனை வண்டியாயிற்று. 130 என்ற நீண்ட வடிவம் 2022இலும், 635 குதிரைவலுக் கொண்ட ஒக்டா 2024இலும் வந்தன. 2025இல் அறிவிக்கப்பட்ட மாற்றங்களில் திரை 13.1 அங்குலமாகப் பெருத்தது.

கட்டுப்பாடுகள் பற்றிய முறைப்பாடு வேறு வழியில் சென்றது. ஐரோப்பாவின் மோதல் மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கெப், 2026 முதல் திருப்பச் சமிக்ஞை, அபாய விளக்கு, ஹோர்ன், மழைத்துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதைத் தன் மதிப்பெண்ணில் சேர்த்துள்ளது. இது சட்டமல்ல, ஆனால் ஐந்து நட்சத்திரம் விளம்பரத்துக்குத் தேவை என்பதால் உற்பத்தியாளர் புறக்கணிக்க முடியாதது. வோக்ஸ்வாகனும் முக்கிய வேலைகளுக்குப் பொத்தான்களை மீட்பதாக அறிவித்துள்ளது. தோற்றம் பற்றிய குறை கண் பழகப் பழகக் கரைந்தது. கைக்கு எட்டாத பொத்தான் பற்றிய குறையோ ஒவ்வொரு பயணத்திலும் திரும்பி வந்து, கடைசியில் மதிப்பெண் விதியாகவே எழுதப்பட்டது.